குளிர்க்கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைக் கரையிலிருந்து இறங்கிப் பார்த்தவர்கள் உண்டா?

தேவகோட்டைத் தம்பி:

வணக்கம். எனக்கு வேலை ஸ்காட்லாந்தில், அபர்டீனில். தங்கச்சி கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. வெளியே அக்கினி நட்சத்திரம், வளவில் பந்தல்காரர்கள், கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. இந்தச் சூட்டில் உட்கார்ந்துகொண்டு குளிர்க்கடலைப் பற்றிக் கேட்கிறேன், சிரிக்காதீர்கள்.

சிலிண்டரோடு முங்குகிற ஸ்கூபா எனக்குப் புதிதில்லை. அந்தமானிலும் புதுச்சேரியிலுமாக நாற்பது தடவை இறங்கியிருக்கிறேன். எல்லாமே 28, 29 டிகிரித் தண்ணீர். வருகிற செப்டம்பரில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற ஆர்க்னி தீவுகளுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே ஸ்காபா ஃப்ளோ என்ற பெரிய உள்கடலில் முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன. அவற்றுக்குப் படகில்தான் போக வேண்டும், ஆழமும் 45 மீட்டர் வரை. எனக்கு அவ்வளவு ஆசையில்லை. காரை ஓரமாக நிறுத்தி, உடுப்பை மாட்டிக்கொண்டு நடந்தே தண்ணீரில் இறங்கிப் பார்க்கிற மாதிரி பழைய கப்பல்கள், அங்கே தீவுகளை இணைக்கிற சர்ச்சில் தடுப்பணைகளின் ஓரத்தில் உண்டாம்.

7 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் வெட் சூட் போதுமா? கரையிலிருந்து இறங்குவது படகைவிடச் சுலபம்தானே? அப்புறம், ஞாபகத்துக்கு ஒரு பித்தளைத் துண்டோ ஆணியோ எடுத்து வரலாமா?


ஆத்தங்குடி ஆச்சி:

கல்யாண வீட்டில் உனக்கு வேறு வேலையே கொடுக்கவில்லையா தம்பி? ஊருணியில் முங்கி எழுந்தால் போதாதா?

சரி, கேட்டதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நானும் படிக்கிறேன்.


முங்குநீச்சல், பள்ளத்தூர்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எடுக்காதே. காரணம் பிறகு சொல்கிறேன்.

நான் நார்வேயில் பதினெட்டு வருஷம் இருந்தவன். இப்போது பள்ளத்தூரில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன். செப்டம்பரில் ஆர்க்னியில் தண்ணீர் 13 டிகிரி அளவில் இருக்கும். வருஷத்திலேயே அதுதான் கதகதப்பான சமயம், மார்ச்சில் 6, 7க்கு வந்துவிடும். 13 என்றதும் கொடைக்கானல் காலை மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உருவிக்கொண்டு போகும். முதல் பதினைந்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. கொக்கியைக் கழற்ற வராது, பொத்தானை அழுத்த வராது. மூளையும் கொஞ்சம் மந்தமாகும், அது மந்தமாவது அதற்கே தெரியாது.

வெட் சூட்டின் சூடெல்லாம் அதற்குள் இருக்கிற சின்னச் சின்னக் காற்றுக்குமிழ்களில் இருக்கிறது. 10 மீட்டர் இறங்கினாலே அந்தக் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். நீ வாங்கிய 7 மில்லிமீட்டர் அங்கே 7 மில்லிமீட்டராக இருக்காது. மேலே வந்தாலும் தப்பிக்க முடியாது, ஈர உடுப்போடு ஆர்க்னிக் காற்றில் நிற்க வேண்டும். அதனால் டிரை சூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே வராது, உள்ளே கம்பளி மாதிரி ஓர் உடுப்பு. சுகமாக இருக்கும். ஆனால் நீ ஒரு காற்றுப் பைக்குள் இருக்கிறாய் என்பதை மறக்கக்கூடாது. இறங்க இறங்க அது உடம்பை நெருக்கும், காற்று விட வேண்டும். ஏற ஏற அந்தக் காற்று உப்பும், தோளில் இருக்கிற வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். தலை கீழே போய்க் காற்றெல்லாம் காலுக்கு ஏறிவிட்டால், கால் மேலே தலை கீழேயாகத் திருவிழா பலூன் மாதிரி மேலே போவாய். அபர்டீனிலேயே யாரிடமாவது முறையாகக் கற்றுக்கொண்டு, ஆழமில்லாத இடத்தில் பத்து தடவையாவது பழகிவிட்டு அங்கே போ.

சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தருகிற ரெகுலேட்டர் விஷயம் இன்னும் முக்கியம். கல்யாணச் சமையலில் பெரிய அடுப்புக்குப் போகிற சிலிண்டர் வெளியே வியர்த்துப் பனி படர்ந்துவிடும், சமையல்காரர் அதைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைப்பார், பார்த்திருப்பாய். அங்கே நடப்பது திரவம் ஆவியாவதால் வரும் குளிர். நம் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைந்திருக்கிற காற்று ஒரே மூச்சில் விரிவதால் குளிர்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு, முடிவு ஒன்றுதான்: உலோகம் உறையும். ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீரில் ரெகுலேட்டருக்குள் பனி கட்டிக்கொண்டால் வால்வு மூடாது, காற்று தானாகக் கொட்ட ஆரம்பிக்கும். ஃப்ரீ ஃப்ளோ என்பார்கள். ஐரோப்பாவில் 10 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரைக் குளிர்நீர் என்று தனியாகவே வைத்து, அதற்கான ரெகுலேட்டரை 4 டிகிரியில் சோதிக்கிறார்கள். புதுச்சேரியில் வாங்கினதைத் தூக்கிக்கொண்டு போய்விடாதே.

எனக்கே நடந்தது. பிப்ரவரி மாதம், ஃபியோர்டு என்கிற மலையிடுக்குக் கடல் ஒன்றில் 20 மீட்டர். கரையில் நிற்கும்போது "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று உறைபனிக் காற்றில் நாலு மூச்சு இழுத்துப் பார்த்தேன். மூச்சின் ஈரம் உள்ளே போய்விட்டது. கீழே போனதும் கொட்ட ஆரம்பித்தது பார், முகத்துக்கு முன்னால் ஒரே குமிழி, துணைக்கு வந்தவனையே காணோம். கையைப் பிடித்து அவன் தன்னுடைய இரண்டாவது வாய்க்குழாயைக் கொடுத்தான். மேலே வருவதற்குள் என் சிலிண்டர் காலி. தண்ணீருக்கு வெளியே ரெகுலேட்டரில் மூச்சு விட்டுப் பார்க்காதே. இது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.


தேவகோட்டைத் தம்பி:

அண்ணே, மிக்க நன்றி. அபர்டீனில் ஒரு கடையில் "வெட் சூட்டே தாங்கும்" என்றார்கள், அதனால்தான் கேட்டேன். வெட்கத்தை விட்டு இன்னொன்று: டிரை சூட்டுக்குள் ஒன்றுக்கு வந்தால்?


முங்குநீச்சல், பள்ளத்தூர்:

வரும். குளிரும் தண்ணீர் அழுத்தமும் சேர்ந்து சிறுநீரகத்தை முடுக்கிவிடும். இறங்குவதற்கு முன் போய்விட்டு வா. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, உடம்பு வறண்டால், மேலே ஏறும்போது உடம்புக்குள் காற்றுக்குமிழ் கட்டுகிற அழுத்தநோய்க்கு வழி. இதற்கென்று தனிக் குழாய் வைத்த சூட்டெல்லாம் உண்டு, அதை இங்கே ஆச்சி முன்னால் விளக்க வேண்டாம்.


ஆத்தங்குடி ஆச்சி:

நான் நாலு பிள்ளை பெற்றவள். விளக்கினாலும் ஒன்றும் ஆகிவிடாது.


தொண்டிக்கரை:

எங்கள் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கித்தான் இறங்குவார்கள். அவர்களை ஆர்க்னியில் விட்டால் முதல் மூச்சே நின்றுவிடும்.

எனக்கு ஒரு சந்தேகம். நம் கடலில் வள்ளத்துக்கு வருஷா வருஷம் எண்ணெய் தடவாவிட்டால் பலகையைப் புழு சல்லடையாக்கிவிடும். குளிர்க்கடலில் மட்டும் நூறு, இருநூறு வருஷத்து மரக்கப்பல் எப்படி அப்படியே கிடக்கிறது? குளிரில் புழு செத்துவிடுமா?


டொராண்டோ காரைக்குடி:

நல்ல கேள்வி. குளிர் மட்டும் காரணமில்லை, உப்பும்தான். மரத்தைத் துளைக்கிற அந்தக் கப்பல் புழு உண்மையில் புழுவே இல்லை, நீளமான உடம்புள்ள ஒரு சிப்பி. அதற்கு நல்ல உப்புத் தண்ணீர் வேண்டும். பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு. அதனால்தான் 1628 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோமில் கவிழ்ந்த வாசா என்ற போர்க்கப்பலை 1961இல் கிட்டத்தட்ட முழுசாகத் தூக்க முடிந்தது. 333 வருஷம் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது.

எங்கள் கனடா ஏரிகளில் உப்பே கிடையாது. கோடையில் மேல் தண்ணீர் இதமாக இருக்கும், ஆழத்தில் 4 டிகிரிதான். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம், அதனால் அது அடியிலேயே தங்கிவிடும். இறங்கும்போது ஒரு கோட்டைத் தாண்டினதும் யாரோ ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். உதடுதான் முதலில் மரத்துப் போகும்.

தம்பிக்கு ஒரு யோசனை. எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் ஒன்டாரியோவில் டோபர்மோரி என்ற ஊருக்குப் போ. ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல் பூங்கா அங்கேதான். ஊர்த் துறைமுகத்திலேயே கரையோரமாக நாலு பழைய இழுவைப் படகுகள் கிடக்கின்றன. கரையிலிருந்து இறங்கிப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. பக்கத்தில் ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற பாய்மரக் கப்பல், 1867இல் கட்டினது, 1885இல் மூழ்கினது, ஆறு மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. தெளிந்த நாளில் படகில் உட்கார்ந்தே பலகையை எண்ணலாம். என்ன, வெளியிலிருந்து வந்த ஒரு சின்னச் சிப்பியினம் இப்போது ஏரிகளெல்லாம் பரவி, பல கப்பல்களின்மேல் அப்பிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்குவதும் அதுவே, கப்பலை மூடுவதும் அதுவே.


முனீஸ்வரன்கோவில் தெரு:

நான் காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறவன். எங்கள் தெரு எல்லோருக்கும் தெரியும். ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் கோபப்படக் கூடாது.

கடலுக்கடியில் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருக்கிற ஒரு பித்தளை வளையத்தை அந்தப் பையன் எடுத்து வந்தால் என்ன குற்றம்? அவன் எடுக்காவிட்டால் கடல் எடுக்கும். இங்கே பர்மாத் தேக்குத் தூணையும் ஸ்வீடன் எனாமல் அடுக்கையும் நாங்கள் வாங்கி வைக்காவிட்டால் தூண் விறகுக் கடைக்கும் அடுக்கு காயலான் கடைக்கும் போயிருக்கும். அப்போது எங்களை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. சொன்னவர்களும் உண்டு, அது வேறு கதை.


முங்குநீச்சல், பள்ளத்தூர்:

செட்டியாரே, நியாயமான கேள்வி. நேரடியாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். பிரிட்டனில் மூழ்கிய கப்பலிலிருந்து எதை எடுத்தாலும் 28 நாளுக்குள் அதற்கென்று இருக்கிற அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும், ஆணியானாலும் சரி. ஸ்காபா ஃப்ளோவில் மிச்சமிருக்கிற பெரிய ஜெர்மன் கப்பல்கள் ஏழும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், பார்க்கலாம், எதையும் எடுக்கக் கூடாது. இரண்டாம் போரில் மூழ்கின ராயல் ஓக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு அருகில் அனுமதியில்லாமல் இறங்கவே கூடாது. அது கல்லறை. நார்வேயில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கப்பல் என்றால் தானாகவே பாதுகாப்பு வந்துவிடும். ஸ்வீடனில் 1850க்கு முன் மூழ்கினது எல்லாம்.

சட்டத்தை விடுங்கள். நீங்கள் மரத்தையும் இரும்பையும் அறிந்தவர், அந்த வழியிலேயே வருகிறேன். உப்புத் தண்ணீரில் எண்பது வருஷம் கிடந்த இரும்பில் உப்பு உள்ளே ஏறியிருக்கும். வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தால் கொஞ்ச நாளில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, கடைசியில் ஒரு பிடி செந்தூள். மரம் அதைவிட மோசம், காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். வாசா கப்பலைத் தூக்கினபிறகு 17 வருஷம் அதன்மேல் ஒரு மெழுகுக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். ஞாபகத்துக்கு எடுக்கிற பையனிடம் அந்த 17 வருஷம் இருக்கிறதா?


முனீஸ்வரன்கோவில் தெரு:

17 வருஷமா! எங்களிடம் ஒரு கதவு வெடித்தால் மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்துவிடுவோம்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வாங்கிய தூண்களில் பாதிக்கு எந்த வீடு, எந்தக் கட்டு என்று இப்போது என்னாலேயே சொல்ல முடியாது. வாங்குகிறவர் கேட்கிறார், "இது எந்த ஊர் வீட்டுத் தூண்?" செட்டிநாடு என்கிறேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் நிற்கும்போது எந்தத் தூணில் சாய்ந்து யார் உட்காருவார்கள் என்று அந்த வீட்டு ஆயாவுக்குத் தெரியும். பித்தளை வளையத்துக்கும் அப்படித்தான் என்று சொல்ல வருகிறீர்கள், புரிகிறது.

இரும்பைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். அந்த ஜெர்மன் கப்பல்களில் ஏழுதான் மிச்சம் என்றால் மற்றதெல்லாம்?


முங்குநீச்சல், பள்ளத்தூர்:

இது உங்களுக்குப் பிடிக்கும். போர் நின்றதும் 74 ஜெர்மன் கப்பல்களை அங்கே நிறுத்திவைத்தார்கள். எதிரி கையில் போய்விடக் கூடாது என்று அவற்றின் தளபதி ஃபான் ராய்ட்டர் 1919 ஜூன் 21 அன்று உத்தரவு போட, மாலுமிகளே வால்வுகளைத் திறந்து 52 கப்பல்களை மூழ்கடித்தார்கள். ஒரே பகலில். பிறகு 1920களில் எர்னஸ்ட் காக்ஸ் என்பவர் வந்தார். நம் பாஷையில் காயலான் கடைக்காரர். அதற்குமுன் ஒரு கப்பலைக்கூடத் தூக்கிப் பழக்கமில்லாதவர். சின்னக் கப்பல்களைச் சங்கிலி கட்டியும், பெரியவற்றின் ஓட்டைகளை அடைத்து உள்ளே காற்றை அடித்தும், முப்பதுக்கும் மேல் தூக்கி இரும்புக்குப் போட்டுவிட்டார். மிச்சம் அடியில் கிடந்தது அணுகுண்டுகளுக்கு முந்திய எஃகு என்பதால் அதில் கதிரியக்க மாசு இல்லை. நுட்பமான அளவுக் கருவிகளுக்கு அந்தப் பழைய எஃகைத் தேடி வாங்கியிருக்கிறார்கள்.


முனீஸ்வரன்கோவில் தெரு:

பழசுக்கு எப்போதும் விலை உண்டு என்று இதைத்தான் எங்கள் அப்பச்சி சொல்வார். காக்ஸ் இருந்திருந்தால் எங்கள் தெருவில் ஒரு கடை கொடுத்திருப்பேன்.


தேவகோட்டைத் தம்பி:

சரி அண்ணே, எடுக்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன். கரையிலிருந்து இறங்குவது பற்றிச் சொல்லவில்லையே?


முங்குநீச்சல், பள்ளத்தூர்:

படகைவிடச் சுலபம் என்று எழுதினாய். பையில் காசுக்குச் சுலபம், முதுகுக்கு இல்லை. சிலிண்டர், ஈயம், டிரை சூட் எல்லாம் சேர்த்து 35, 40 கிலோவை மாட்டிக்கொண்டு பாறையில் நடக்க வேண்டும். டிரை சூட்டுக்குக் காற்று மிதப்பு அதிகம், அதனால் ஈயமும் அதிகம். கரையில் கடற்பாசி வழுக்கும். பயன்படுத்தாத ஊருணிப் படித்துறை எப்படியிருக்கும்? அதில் ஒரு நெல் மூட்டையோடு இறங்குகிறாய் என்று வைத்துக்கொள். குளிர்க்கடல் முங்கலில் அடிபட்டவர்களில் எனக்குத் தெரிந்த பாதிப்பேர் முழங்காலளவு தண்ணீரில் விழுந்தவர்கள்தான்.

இறங்குவதற்கு முன் ஏறுமிடத்தைப் பார். ஓதம் வற்றினால் ஏறுமிடமே மாறிவிடும். நீரோட்டம் அடங்குகிற நேரத்தை அட்டவணையில் பார்த்துத்தான் இறங்க வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பு. திரும்புவதற்கு ஒரு பங்கு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பங்கு. படகென்றால் நீ எங்கே மேலே வந்தாலும் தேடிவந்து தூக்கிக்கொள்ளும். கரை அப்படி வராது.

இனி அந்தத் தடுப்பணைகள். ஸ்காபா ஃப்ளோவின் கிழக்கு வாசல்களை அடைக்கப் பழைய சரக்குக் கப்பல்களை வேண்டுமென்றே மூழ்கடித்து வைத்தார்கள், முதல் போரிலும் இரண்டாம் போரிலும். நீ பார்க்கப் போகிறவை அவைதான், அடைப்புக் கப்பல்கள். அவற்றுக்கிடையே இருந்த இடைவெளியில் 1939 அக்டோபரில் யு-47 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி இரவோடு இரவாக நுழைந்து ராயல் ஓக்கை அடித்தது. 800க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகுதான் சர்ச்சில் அந்த வாசல்களைக் கான்கிரீட் கட்டைகளால் அடைக்கச் சொன்னார். 5 டன், 10 டன் கட்டைகள். மேலே இப்போது சாலை ஓடுகிறது. நாலு தடுப்பணை. மூன்றாவதன் ஓரத்தில் ரெஜினால்ட் என்ற கப்பலின் இரும்புக்கூடு தண்ணீருக்கு வெளியே தெரியும். அடைத்ததால் முன்பிருந்த வேகமான நீரோட்டம் போய்விட்டது, அதனால்தான் உன்னை மாதிரி ஆட்களுக்குத் தோதான இடம். கிழக்குக் காற்று பலமாக அடித்தால் மட்டும் இறங்காதே, காரிலேயே உட்கார்ந்து தேநீர் குடி.

இந்த ரகத்தில் நான் பார்த்ததில் மனசைவிட்டுப் போகாதது நார்விக் பக்கத்தில் இருக்கிற கியோர்க் தீலே. 1940 ஏப்ரல் 13, சித்திரைப் பிறப்பை ஒட்டின நாள். குண்டுகள் தீர்ந்துபோன அந்த ஜெர்மன் நாசகாரிக் கப்பலை, ஆட்கள் தப்பட்டும் என்று மாலுமிகள் கரையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள். மூக்கு இன்றும் தண்ணீருக்கு வெளியே நிற்கிறது, உடம்பு சரிவில் கீழே போகிறது. மேலே பனிமலை, கீழே இரும்பு. துருவில் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடற்சாமந்திகள் பூத்துக்கிடக்கும்.


தொண்டிக்கரை:

நம் பக்கமும் ஒன்று உண்டு, யாரும் பேசுவதில்லை. பூம்புகாருக்கு வெளியே 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பலின் மிச்சம் கிடைத்தது. அதில் ஈயக்கட்டிகள், மேலே 1791, 1792 என்ற வருஷமும் பிளாக்கெட் என்ற பெயரும். வட இங்கிலாந்து ஈயச் சுரங்கக் குடும்பத்துப் பெயர் அது. தம்பி வடக்கே போய்ப் பார்க்கிறார், வடக்கிலிருந்து கிளம்பினது இங்கே வந்து கிடக்கிறது.


ஆத்தங்குடி ஆச்சி:

நான் படித்துக்கொண்டே வருகிறேன். என் ஐயா கொண்டுவிக்கப் போனவர், ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலில்தான். கப்பல் கிளம்பினால் கடுதாசி வரும்வரை எங்கள் அப்பத்தா ஒரு வேளைதான் சாப்பிடுமாம். கப்பல் மூழ்கினது என்றால் எனக்கு முதலில் அந்த ஒரு வேளைச் சோறுதான் ஞாபகம் வருகிறது. அதனால் கல்லறையில் கை வைக்காதே என்றதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தடுப்பணையை யார் கட்டினார்கள் முங்குநீச்சல் தம்பி? கூலியாட்களா?


முங்குநீச்சல், பள்ளத்தூர்:

பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க்கைதிகள், ஆச்சி. கைதிகளைப் போர் வேலைக்கு வைக்கக் கூடாது என்று விதி. தீவுகளை இணைக்கிற சாலை என்று பெயர் சொல்லி வேலை வாங்கினார்கள். அவர்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டு, இரண்டு தகரக் கொட்டகைகளை ஒட்டவைத்து ஒரு மாதா கோயில் செய்திருக்கிறார்கள். உள்ளே தளக்கல்லும் செங்கல்லும் செதுக்குவேலையும் இருக்கிற மாதிரி தெரியும். எல்லாம் வண்ணத்தால் வரைந்தது, கியோக்கெட்டி என்ற கைதி வரைந்தார். விளக்குகள் மாட்டிறைச்சி டின்னில் வெட்டினவை. முதல் இரண்டு தடுப்பணைகளுக்கு நடுவில் இருக்கிற சின்னத் தீவில் இன்னமும் நிற்கிறது.


ஆத்தங்குடி ஆச்சி:

நாம் இத்தாலியிலிருந்து பளிங்கை இறக்கிப் பட்டாலையில் பதித்தோம். அவர்கள் பளிங்கே இல்லாமல் பளிங்கு செய்திருக்கிறார்கள். தம்பி, கப்பலைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அதைப் பார்த்துவிட்டு வா.


தேவகோட்டைத் தம்பி:

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

டிரை சூட் பயிற்சி முடித்து, ஒரு நன்னீர்க் குட்டையில் பன்னிரண்டு தடவை இறங்கினேன். இரண்டு தடவை பலூன் ஆனேன். செப்டம்பர் மூன்றாம் வாரம் ஆர்க்னி. முதல் நாள் கிழக்குக் காற்று. காரில் உட்கார்ந்து தேநீர்தான். இரண்டாம் நாளும் அதுவே. அந்த இடைவெளியில் மாதா கோயிலைப் பார்த்துவிட்டேன் ஆச்சி. சுவரைத் தொட்டுப் பார்க்காமல் அது வரைந்தது என்று நம்ப முடியவில்லை. தொடக்கூடாது என்பதால் நம்பாமலேயே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மூன்றாவது தடுப்பணை. தண்ணீர் 13. முகத்தில் ஊசி, மற்றபடி குளிர் தெரியவில்லை. அதிகபட்சம் ஒன்பது மீட்டர். இரும்பு விலா எலும்புகள், அதன்மேல் ஆளுயரப் பாசி இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டிருந்தது. கொதிகலன் மாதிரி ஒன்று, உள்ளே நண்டு குடியிருக்கிறது. 38 நிமிஷம் இருந்தேன். ஏறும்போது முழங்காலளவு தண்ணீரில் விழுந்தேன், அண்ணன் சொன்ன அதே இடம்.

மணலில் பாதி புதைந்து பித்தளை மாதிரி ஒரு வளையம் கிடந்தது. தொடவில்லை.


முனீஸ்வரன்கோவில் தெரு:

என்ன அளவு இருக்கும்?


தேவகோட்டைத் தம்பி:

ஒரு சாண்.


முனீஸ்வரன்கோவில் தெரு:

படமாவது எடுத்தாயா தம்பி?


தேவகோட்டைத் தம்பி:

கேமராவை நீட்டினேன். பொத்தானை அழுத்த விரல் வரவில்லை.